என் வீட்டுக்காரரை அச்சடிச்ச சட்டை

பீடோங் பாசாருக்குப் போனா இன்னிக்கும் எனக்கு வயிறு எரியும். மீன் வாங்கப் போன இடத்துல, என் வீட்டுக்காரர் குனிஞ்சு நிக்கிற படத்தை நெஞ்சுல மாட்டிக்கிட்டு ஒருத்தன் வந்து நின்னா எரியாம என்ன செய்யும்?

அவருக்குக் கையுறை ஃபெக்டரியில வேலை. வேலை முடிஞ்சதும் கடைவீட்டு மாடியில இருக்கற ஜிம்முல எம்.எம்.ஏ.ன்னு குத்து, உதை, மல்லு எல்லாம் கலந்த சண்டை பழகுவாரு. முதல் போட்டி அலோர் ஸ்டார் டவுன்ல. எங்க ஆளுங்க எந்தக் களத்துல கால் வச்சாலும் முதல்ல தரையத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவாங்க. அன்னிக்குப் பதட்டத்துல மறந்துட்டாரு. ரெஃப்ரி "ஃபைட்"னு சொன்னதுக்கப்புறம்தான் ஞாபகம் வந்து குனிஞ்சாரு. எதிராளி சும்மா இருப்பானா? முழங்காலால மூஞ்சியில ஒரே இடி. அதோட போட்டி முடிஞ்சது.

தோத்தது பரவால்ல. சண்டையப் பத்தி தமாஷ் பண்ற பாட்காஸ்ட் ஒண்ணு இருக்கு. ரெண்டு பேரு மைக் முன்னால உட்கார்ந்து கெக்கேபிக்கேன்னு சிரிப்பானுங்க. எங்க ஜிம்முக்காரங்களுக்கு அது வேதம். அந்த வாரம் பூரா இவரு கதைதான். அப்புறம் கறுப்புச் சட்டையே அச்சடிச்சு விக்க ஆரம்பிச்சிட்டானுங்க: குனிஞ்ச மனுசன் படம், கீழே "சாமி, ஒரு நிமிஷம்!" ஜெயிச்சவன் படம் போட்ட சட்டைய எவனும் சீண்டல, இதுக்கு மட்டும் அடிதடி. தெரிஞ்சவன் பார்த்தா சிரிப்பான், தெரியாதவன் முழிப்பான். அந்தப் பெருமைதான், வேற என்ன மண்ணாங்கட்டி!

ஜிம்மு மாஸ்டரே அதைப் போட்டுக்கிட்டு நின்னதைப் பார்த்ததுலருந்து இவரு அந்தப் பக்கம் போறதை விட்டுட்டாரு. வேலை விட்டு வந்தா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாரு. எனக்குப் பொறுக்கல. நேரா ஜிம்முக்கே போயிட்டேன்.

"அண்ணே, உங்களுக்கு வெக்கமா இல்ல?"

"பாசத்துலதான் போடறோம் லா, தங்கச்சி. அவருதான் இப்ப எங்க ஹீரோ!"

பாசமாம் பாசம்! எனக்கு வாயில நல்லா வந்துச்சு. அடக்கிக்கிட்டுத் திரும்பிட்டேன்.

அடுத்த வாரம் இவரு ஜிம்முக்குப் போயிட்டு வேர்த்து விறுவிறுத்து வந்தாரு. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. மோட்டார் சைக்கிள்ல வர்றப்போ காத்துக்காக முன்பின்னாத் திருப்பிப் போட்ட ஜாக்கெட்டைக் கழட்டினாரு. உள்ளே அதே கறுப்புச் சட்டை.

"அடச்சீ! கழட்டுங்க அதை!"னு கத்தினேன்.

அவரு கழட்டல. "கத்தாதம்மா," அப்படின்னாரு. "தோத்ததுலருந்து என்கூடப் பழக எவனும் வரல. இதைப் போட்டதுக்கப்புறம்தான் ஜோடி கட்டிச் சண்டை பழக ஒருத்தன் வந்தான்."