காஸ் போட மாட்டேன்

ஆம்பூர் பைபாஸ் ஓரம் சாமிநாதன் ஷெட்டில் கார் ஏ.சி. பார்க்கிறவள் பூங்குழலி. திமிர் பிடித்தவள் என்று ஊரில் சொல்வார்கள். ஆமாம், திமிர்தான். அந்தத் திமிர் இல்லையென்றால் என் கார் இன்றைக்கும் அடுப்பாகத்தான் இருந்திருக்கும். சொல்கிறவர்கள் சொல்லிக்கொண்டு போகட்டும்.

அவள் அம்மா ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்காருகிறவள். மகளையும் அங்கேயே கொண்டுபோய் உட்காரவைத்தாள். மூன்றே மாதம். "பாத்ரூம் போனா வாட்ச்ச பாக்குறான் சூப்பர்வைசர். எனக்கு இந்தப் பொழப்பு வேணாம்" என்று எழுந்து வந்தவள், திருப்பத்தூரில் ஐ.டி.ஐ. சேர்ந்து ஏ.சி. வேலை படித்தாள். வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். சாமிநாதன் அவளைச் சேர்த்துக்கொண்டது பெரிய மனசால் ஒன்றும் இல்லை. இருந்த ஏ.சி. மெக்கானிக் ஓசூருக்கு ஓடிவிட்டான், வேறு ஆள் கிடைக்கவில்லை.

நான் கோவிந்தசாமி. பத்தொன்பது வருஷம் ஷூவுக்கு லைனிங் துணி வெட்டியவன். இப்போது சொந்த டாக்ஸி. வேலூர் ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளை ஏற்றிப் போகிறேன். சித்திரை வெயிலில் என் வண்டி ஏ.சி. சூடாக ஊத ஆரம்பித்தது. ஹைவேயில் ஓடும்போது கொஞ்சம் குளிரும், சிக்னலில் நின்றால் அனல். வாணியம்பாடியில் ஒருவன் காஸ் கம்மி என்று காஸ் போட்டான். ஆற்காடு சவாரி போனபோது இன்னொருவனும் அதையே சொல்லிப் போட்டான். சூடு ஜாஸ்தியானதுதான் மிச்சம். பேஜாராகிப் போய் சாமிநாதன் ஷெட்டில் வண்டியை விட்டேன்.

"இன்னா பெரிய விஷயம், காஸ்தான்" என்றார் சாமிநாதன், வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல். "பூங்குழலி, காஸ் போட்டு அனுப்பு."

அவள் காஸ் அழுத்தம் காட்டுகிற கேஜை மாட்டி இன்ஜினை ஓடவிட்டு, இரண்டு முள்ளையும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"காஸ் போட மாட்டேன்" என்றாள். "காஸ் கம்மின்னா ரெண்டு முள்ளும் கீழ கெடக்கணும். இங்க ரெண்டும் மேல ஏறி நிக்குது. இன்னும் போட்டா கம்ப்ரசர் போய்டும்."

டிங்கர் வேலை பார்த்துக்கொண்டிருந்த உமர் ஃபாரூக் கையை நிறுத்தினார். தன் முறைக்குக் காத்திருந்த ஸ்கூல் வேன் டிரைவர் ஜெயசீலன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்புதான் சாமிநாதனுக்குச் சுருக்கென்று தைத்தது.

"கஸ்டமர் கேக்குறதும் காஸ், நான் சொல்றதும் காஸ். மாட்டேன்னு சொல்ல நீ யாரு? இஷ்டம் இல்லன்னா ஸ்பேனர வெச்சிட்டு வெளிய போ."

நான் பாவி, "போட்டு உடும்மா, டைம் ஆவுது" என்று ஒத்து ஊதினேன்.

"போறேன். கோளாறு இன்னான்னு காட்டிட்டுப் போறேன்" என்றாள் அவள்.

ஒரு நியூஸ்பேப்பர் தாளை எடுத்து காரின் முன்பக்க கிரில்லில் வைத்துக் கையை எடுத்தாள். தாள் கீழே விழுந்தது. "உள்ள ஃபேன் நல்லாத்தான் சுத்துது. காத்த இழுத்தா பேப்பர் ஒட்டிக்கணும். இங்க காத்தே போவல. அண்ணா, முன்னாடி எதனா மாட்டி வெச்சிருக்கீங்களா?"

மாட்டியிருந்தேன். தினமும் தோல் ஷாப் வாசலில் வண்டியைப் போடுகிறவன் நான். அங்கே தோலைத் தேய்க்கிற பஃபிங் தூசி பறந்து வண்டி மூக்கில் அப்பிக்கொள்ளும். அது உள்ளே போகக் கூடாது என்று, பழைய தொழில் புத்தியில் லைனிங் துணியை அளவாக வெட்டி, கிரில்லுக்குப் பின்னால் ஷூ ஒட்டுகிற சொல்யூஷன் தடவி ஒட்டிவைத்திருந்தேன். ஒரு சுருக்கம் இருக்காது. ஸ்டாண்டில் எல்லா டிரைவரிடமும் காட்டிப் பீற்றிக்கொண்டது வேறு. இப்போது இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது?

"இல்லியேம்மா" என்றேன். ஒரு பெண்ணின் வேலை போகிற நேரத்தில் வாய் கூசாமல் சொன்ன பொய். நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அவள் என் மூஞ்சியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கிரில்லைக் கழற்றினாள். துணி முழுக்கத் தோல் தூசி அடைத்து அட்டையாக இறுகிப்போயிருந்தது. ஒரே இழுப்பில் கிழித்தெடுத்து என் கையில் கொடுத்தாள்.

"ஷூவுக்குத்தாண்ணா லைனிங். இது மூச்சு உட வேணாமா?"

அளவுக்கு மீறி ஏறியிருந்த பழைய காஸ் மொத்தத்தையும் மெஷினில் எடுத்து, அளவு பார்த்துத் திரும்ப ஏற்றினாள். அரை மணி நேரத்தில் உமர் ஃபாரூக் உள்ளே கையை நீட்டி, "சில்லுனு வருதுப்பா" என்றார். பூங்குழலி கையைத் துடைத்தாள், பையை எடுத்தாள், ரோட்டோரம் பஸ்ஸுக்குப் போய் நின்றுவிட்டாள்.

"போய்க் கூட்டினு வாய்யா, அடுத்த வண்டி நிக்குது" என்று சாமிநாதன் உமர் ஃபாரூக்கை அனுப்பினார். அவர் தனியாகத் திரும்பி வந்தார். "எல்லார் முன்னாடியும் வெளிய போன்னு சொன்னவரு, உள்ள வான்னும் அவரே சொல்லணுமாம்."

பஸ் வருவது தெரிந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "துணிய வெச்சதும் நான்தான், பொய் சொன்னதும் நான்தான். அந்தப் பொண்ண அனுப்பிட்டு யாரை வெச்சு ஷெட்டு நடத்துவே?" என்று சாமிநாதனிடம் கத்தினேன்.

அவர் மடித்துக் கட்டியிருந்த லுங்கியை இறக்கிவிட்டு ரோடு வரைக்கும் நடந்தார். "உள்ள வாம்மா" என்றார், வாய்க்குள்ளேயே.

பஸ் வந்து நின்றது. பூங்குழலி கம்பியில் ஒரு கையை வைத்தாள்.

"ஜெயசீலன் அண்ணனுக்குக் கேட்டிருக்காது" என்றாள்.

சாமிநாதன் ஷெட் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தரம் சொன்னார்.