கன்னத்தில் இருந்த கறை

எண்பதுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலை தேரடித் தெருவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தேன். அடி அண்ணாமலையில் குடியிருந்த எல்சா என்ற வெள்ளைக்கார அம்மா, விசாவுக்காக வருஷாவருஷம் என்னிடம்தான் படம் எடுப்பார். வெறுந்தலையோடு வெயிலில் மலை சுற்றியே தோல் கெட்டிருந்தது. கன்னத்தில் ஒரு பழுப்புக் கறை. முகம் அழகாக இருக்கட்டுமே என்று படத்தில் அதை நானே அழித்துக் கொடுப்பேன்.

ஒருநாள் அவருடைய மூன்று வருஷத்து நெகட்டிவ்கள் கையில் கிடைத்தன. அழிக்காமல் பிரிண்ட் போட்டுப் பார்த்தேன். மிளகளவு இருந்த கறை புளியங்கொட்டை அளவுக்கு வளர்ந்து, நடுவில் கறுத்திருந்தது.

உடனே சைக்கிளில் போய்ப் படங்களைக் காட்டினேன்.

"வெயில்ல வந்ததுதானே, பாய்?" என்றார்.

"நான்தாம்மா இதை அழிச்சு அழிச்சு உங்க கண்ணுக்கே மறைச்சுட்டேன். டாக்டர்கிட்ட காட்டிடலாங்க."

வேலூர் டாக்டர் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தார். தோல் புற்றுநோய், ஆனால் ஆரம்ப நிலை. சுற்றியிருந்த நல்ல தோலையும் கொஞ்சம் சேர்த்து வெட்டியெடுத்துத் தைத்தார்கள். வெட்டியதைப் பரிசோதித்த பிறகு, "ஆழமா இறங்கல. முழுசா எடுத்தாச்சு. இந்தப் படங்க இல்லன்னா லேட்டாயிருக்கும்" என்றார் டாக்டர்.

அடுத்த மாதம் எல்சா பெரிய தொப்பி போட்டுக்கொண்டு மலை சுற்றிவிட்டு, என் கடை வாசலில் வந்து நின்று சிரித்தார். செய்த தப்பைச் சொல்ல வெட்கப்பட்டு நான் சும்மா இருந்திருந்தால், அந்தச் சிரிப்பை யாரும் பார்த்திருக்க முடியாது.