தொடைத் தசையும் என் கணவரும்

இருபத்திரண்டு ஆண்டுகளாக எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்துகிறேன். தசைப் பாடம் வந்தால் முழங்கையை மடக்கச் சொல்வேன். மேற்கையின் முன்பக்கம் திரளும் இருதலைத் தசையைத் தொட்டுப் பார்ப்பார்கள். நீட்டச் சொல்வேன், பின்பக்கத்து முத்தலைத் தசை இறுகும். தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது, அதனால்தான் மடக்க ஒன்று, நீட்ட ஒன்று என்று ஜோடியாக இருக்கின்றன என்பேன். நாற்பது பிள்ளைகளுக்கும் ஒரே வகுப்பில் புரிந்துவிடும். என் கணவருக்கு மட்டும் இரண்டு மாதம் ஆகியும் புரியவில்லை.

அவர் அரூர் பக்கம் ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். வளைவில்கூடக் கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கெட் கொடுப்பவர். அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் வண்டியைக் கழுவும்போது சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்தார். வலது முழங்கால் சில்லில் விரிசல். தருமபுரி ஆஸ்பத்திரியில் தொடையிலிருந்து கணுக்கால்வரை மாவுக்கட்டு போட்டு, ஆறு வாரம் அசைக்கக் கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். அசைக்காமல் இருப்பதில் அவர் ஒரு குறையும் வைக்கவில்லை.

கட்டைப் பிரித்த அன்றைக்கு அந்தக் காலைப் பார்த்து நானே கொஞ்சம் பயந்துபோனேன். தொடை இளைத்து, தோல் தொளதொளவென்று இருந்தது. பிசியோதெரபி பிரிவில் இருந்த பெண் டேப்பை வைத்து இரண்டு தொடைகளையும் அளந்தாள். வலதுபுறம் நான்கு சென்டிமீட்டர் குறைவு. வேலை கொடுக்காத தசையை உடம்பு சும்மா வைத்துத் தீனி போடாது, கரைத்துவிடும் என்று அவரிடம் சொன்னாள். தொடையின் முன்பக்கத்தில் நான்கு தசைகள் ஒன்றாகச் சேர்ந்து, முழங்கால் சில்லின் மேல் கிணற்றுக் கப்பியில் கயிறு போவதுபோலப் போய்க் கீழ்க்கால் எலும்பைப் பிடித்திருக்கின்றன; அவை இழுத்தால்தான் கால் நீளும், எழுந்து நிற்க முடியும் என்று படம் போட்டும் காட்டினாள்.

"எலும்பு கூடிருச்சுங்க சார். இனி சதைதான் பாக்கி. அத நான் உங்களுக்குப் பதிலா செய்ய முடியாதுங்க, நீங்கதான் செய்யணும்" என்றாள்.

பயிற்சி ஒன்றும் மலையைப் புரட்டுவது இல்லை. துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து, அதைக் கீழே அழுத்திப் பத்து எண்ண வேண்டும். பிறகு காலை நீட்டியபடியே ஒரு சாண் உயரம் தூக்க வேண்டும். காலையில் இருபது, மாலையில் இருபது. நான் பள்ளிக்குக் கிளம்பும்போது துண்டைச் சுருட்டி வைத்துவிட்டுப் போவேன். திரும்பி வரும்போது அந்தத் துண்டு அவர் தலைக்கு அடியில் இருக்கும். கேட்டால், "செய்யலாம் இரு, காலு எங்கியும் ஓடிப் போவாது" என்பார்.

இதற்கிடையில் அரூரிலிருந்து என் நாத்தனார் வந்து இறங்கினார். கையில் ஒரு பாட்டில் எண்ணெய், ஒரு தூக்கு ஆட்டுக்கால் சூப். ஆட்டுக்காலைக் குடித்தால் மனிதக் காலில் சதை பிடிக்கும் என்பது அவர் கணக்கு. தெம்பில்லாத காலைத் தூக்கச் சொல்லி நான் அவர் தம்பியை வாட்டுகிறேனாம். எண்ணெய் தேய்த்தால் தோல்தான் மினுக்கும், தசை தானாகச் சுருங்கினால்தான் வளரும் என்றேன். பள்ளிக்கூடத்துப் பேச்சை வூட்டில் பேசாதே என்று முடித்துவிட்டார். அவர் இருந்த பத்து நாளும் என் கணவர் மகாராஜா. பிடித்து நடக்க ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்கர் மூலையில் நின்றது. எழுப்ப நான், உட்கார வைக்க நான், குளியலறைக்குத் தாங்கிக்கொண்டு போக நான்.

நாத்தனார் ஊருக்குப் போன மறுநாள் காலையில் அது நடந்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, நாற்காலியில் இருந்தவரை எழுப்பப் போனேன். முழங்காலை மடக்கி, தொடையாலும் இடுப்புக்குப் பின்னால் இருக்கும் பெரிய தசையாலும் பாரம் தூக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறவள் நான். பள்ளிக்கு நேரமாகிற அவசரத்தில், நின்றபடியே குனிந்து, அவர் அக்குளில் கையைக் கொடுத்து இழுத்தேன். எண்பது கிலோவையும் அவர் என்மேல் போட்டார். முதுகெலும்பின் இரண்டு பக்கமும் நீளமாக ஓடும் தசைகளில் ஒன்று கயிறு முறுக்குவதுபோல இறுகிப் பிடித்துக்கொண்டது. அவரை நாற்காலியிலேயே விட்டுவிட்டு அப்படியே தரையில் சரிந்தேன். நிமிரவும் முடியவில்லை, புரளவும் முடியவில்லை.

அவர் என் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாரே தவிர, நாற்காலியை விட்டு அசையவில்லை. பால் பொங்கும் சத்தம் கேட்டது.

"நீங்களே எந்திரிச்சாத்தான் அடுப்ப அணைக்க முடியும்" என்றேன்.

தரையில் கிடந்தபடியே பாடம் நடத்தினேன். நாற்காலி நுனிக்கு வரச் சொன்னேன். பாதங்களைப் பின்னால் இழுத்து, மூக்கு முழங்காலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாயச் சொன்னேன். இரண்டு முறை பொத்தென்று உட்கார்ந்தார். மூன்றாவது முறை எழுந்துவிட்டார். லுங்கிக்குள் வலது தொடை உதறுவது எனக்குக் கீழிருந்து நன்றாகத் தெரிந்தது. சுவரைப் பிடித்து வாக்கர்வரை போய், அதைத் தள்ளிக்கொண்டு சமையலறைக்குப் போய், அடுப்பை அணைத்தார். திரும்பும்போது ஒரு சொம்பில் தண்ணீரும் கொண்டுவந்தார். பாதித் தண்ணீர் வழியெல்லாம் சிந்தியிருந்தது.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது.

"இத்தன நாளா முடியாதுன்னீங்களே."

"என்னா பண்றது, நீ தூக்குவேன்னு இருந்துட்டேன்" என்றார். அதில் பொய் இல்லை. அதனால்தான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

அடுத்த முறை தருமபுரிக்கு நாங்கள் இரண்டு பேருமே நோயாளிகளாகப் போனோம். அந்தப் பெண் என் முதுகை அழுத்திப் பார்த்துவிட்டு எப்படி ஆனது என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர், "தப்பாத் தூக்கிட்டாங்க. முழங்கால மடக்கவே இல்ல" என்றார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு எனக்கும் பத்து நாள் பயிற்சி எழுதிக் கொடுத்தாள். நான் செய்தேன். பிடிவாதமாக, அவர் பார்க்கும்படி உட்கார்ந்து செய்தேன். அதைப் பார்த்தோ, அன்றைக்கு எழுந்து நின்ற தைரியத்திலோ, அவரும் துண்டைச் சுருட்ட ஆரம்பித்தார்.

மூன்று மாதம் கழித்து வேலைக்குப் போனார். இன்றும் வலது தொடை ஒரு சென்டிமீட்டர் குறைவுதான். கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார். ஆனால் படியேறச் சிரமப்படும் பயணிகளுக்கெல்லாம் தொடைத் தசையைப் பற்றி விளக்கம் சொல்கிறாராம். இதை எனக்குச் சொன்னது என் வகுப்பு மாணவிதான். நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்று, "உங்க முதுகு சரியாப் போச்சுங்களா டீச்சர்? பஸ்ல சார் தொடச் சதையப் பத்திச் சொல்றப்ப, நீங்க தப்பாத் தூக்கிட்டீங்கன்னும் சொன்னாங்களாம், அம்மா கேக்கச் சொன்னாங்க" என்றாள்.

சரியாகிவிட்டது என்று சொல்லி உட்காரச் சொன்னேன். அன்றைக்கு நடத்த வேண்டியது ஒளியியல். புத்தகத்தைத் திறந்தேன்.