நமுபீரு தொடாத மீன்

நமுபீருவுக்கு மண்டியிடப் பிடிக்காது. உகாண்டாவில், அந்த நலுபாலே ஏரிக்கரையில், பெண் என்றால் பெரியவர்களைக் கண்டதும் முழங்காலை மண்ணில் ஊன்றித்தான் நலம் விசாரிக்க வேண்டும். அவள் அதில் ஒருநாளும் குறை வைத்ததில்லை. பிடிக்காது, அவ்வளவுதான். ஓடத்தில் ஏறிக் கழியை ஊன்றி நின்றுவிட்டால் யாருக்கும் மண்டியிட வேண்டாம். புருஷன் இறந்த மறுவருஷமே அவனுடைய மீன்பிடி ஓடத்தைச் சுரண்டித் தேய்த்து, குறுக்கே மூன்று பலகை அடித்து, பறவை பார்க்க வருகிறவர்களை அவள் ஏற்றத் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். இல்லை என்று அவளே சொன்னாலும் நம்ப வேண்டாம்.

கிசாசா கரையில் அப்படிப் பதினோரு ஓடங்கள். பதினொன்றும் காத்துக் கிடப்பது ஒரே பறவைக்காக. புல்வே என்று பெயர். பத்து வயதுப் பிள்ளை உயரம், சாம்பல் நிறம், மரச்செருப்பைக் கொண்டுவந்து மூஞ்சியில் ஒட்டினாற்போல் அலகு. கோரைக்கு நடுவே மணிக்கணக்கில் ஆடாமல் அசையாமல் நிற்கும். மீன் தலை காட்டியதோ, கூரை சரிந்து விழுகிற மாதிரி முழு உடம்போடு அதன்மேல் விழும். முன்பெல்லாம் வலை போடப் போகும் வழியில் புல்வேயைக் கண்டால் அன்றைக்கு மீன் கிடையாது என்று ஓடத்தைத் திருப்பிவிடுவார்கள். கல்லெறிந்து விரட்டியவர்களும் உண்டு. இப்போது அதே ஆட்கள் அது நிற்கிற இடத்தைக் கண்டுவிட்டால் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

மம்பா மீன் என்றால் புல்வேக்கு உயிர். விலாங்கு மாதிரி நீண்டு, சேற்றுக்குள் கிடந்து, அவ்வப்போது மேலே வந்து மூச்சு வாங்கும் மீன். நமுபீரு பிறந்த குலமோ மம்பா குலம். அங்கே ஒவ்வொரு குலத்துக்கும் மூதாதை மாதிரி ஓர் உயிரினம் அடையாளமாக உண்டு, அதை அந்தக் குலத்தார் யாரும் தின்ன மாட்டார்கள். நமுபீருவின் அப்பா வீட்டில் கண்டிப்பு இன்னும் அதிகம். மம்பாவைத் தொடக் கூடாது, அடிபட்டுக் கிடந்தால் பார்க்கவும் கூடாது.

அவளுடைய கொழுந்தன் ககோசாவுக்கு இது ஓயாத விளையாட்டு. அவன் இன்னும் தூண்டில் போட்டு மீன் பிடிக்கிறவன்.

"அண்ணி, உங்க தாத்தா கூடைக்குள்ள உக்காந்திருக்காரு. ஒரு கும்பிடு போட்டுட்டுப் போங்க."

"உங்க பாட்டி அங்க மரத்துல வால் தெரியத் தொங்குறா. முதல்ல போய் அவளுக்கு ஒரு துணி குடு."

ககோசாவின் குலத்துக்குக் குரங்குதான் அடையாளம். கரையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், அவனும் சிரிப்பான்.

அந்த வருஷம் மழை முடிந்ததும் நமுபீருவின் ஓடத்துக்கு என்னவோ ஆகிவிட்டது. ஓடங்கள் முறை வைத்துத்தான் ஆள் ஏற்றும்; அவள் முறை வருகிற நாளிலெல்லாம் புல்வே கண்ணில் படவில்லை. ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம். அடுத்த நாளே வேறொருவன் ஓடத்துக்கு எதிரே வந்து நிற்கிறது. ஓடக்காரர்களின் தலைவர் கயீரா கரையில் எல்லோர் காதிலும் விழச் சொன்னார்.

"நலோங்கோ, உன் மேல தப்பில்லம்மா. அது தினமும் உன் சொந்தக்காரங்களத்தான் திங்குது. எந்த முகத்தோட உன் எதிர்ல வரும்?"

இரட்டைப் பிள்ளை பெற்றவள் என்பதால் அவளை நலோங்கோ என்று மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டே இப்படி ஒரு குத்து. அவளும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்கு வந்தபின் அவித்த வாழைக்காயை அப்படியே கோழிக்குப் போட்டாள்.

நான்காவது முறைக்கு வரவிருந்தவள் ஒரு வெள்ளைக்காரி. ஏற்கெனவே இரண்டுதரம் இதே ஓடத்தில் வந்து பறவையைப் பார்க்காமலே திரும்பியவள். இந்தத் தடவையும் இல்லையென்றால் இனி வேறு ஓடம்தான் என்று கார் ஓட்டி வந்தவனிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். நமுபீரு அன்று விடிந்ததும் ககோசாவைத் தேடிப் போனாள்.

"தம்பி, உசிரோட ஒரு மம்பா வேணும்."

ககோசா கையிலிருந்த தூண்டிலைக் கீழே வைத்தான். "யாருக்கு? உங்களுக்கா?"

"அந்த வாயாடித்தனம் இன்னிக்கு வேண்டாம். மேற்குக் குட்டையில புல்வே வந்து நிக்கும். அங்க கொண்டுபோய்க் கட்டிப் போடு. ஓடிப்போகாம கிடந்தா அதுவே வந்துரும்."

"கயீராவுக்குத் தெரிஞ்சா? இரை வைக்கக் கூடாதுன்னு எல்லாரும் சேர்ந்துதானே முடிவு பண்ணீங்க?"

"நீ சொன்னாத்தானே தெரியும்."

ஏழரை மணிக்கு அவன் மீனைக் கட்டும்போது அவள் ஓடத்தில் நின்றபடி முதுகைத் திருப்பிக்கொண்டாள். மீன் தண்ணீரை அடிக்கிற சத்தம் கேட்டது. "கட்டியாச்சு அண்ணி" என்றான். எதால் கட்டினான், எப்படிக் கட்டினான் என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வேறு எந்தக் குலத்துப் பெண்ணாக இருந்தாலும் குனிந்து ஒருதரம் பார்த்திருப்பாள். பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மம்பா கடித்தால் விரல் போய்விடும் என்று ககோசா அதன் வாயிலிருந்த தூண்டில் முள்ளைக் கழற்றவே இல்லை. அந்த முள்ளோடு வந்த தங்கூஸ் என்கிற நைலான் நரம்பையே கோரைத் தூரில் சுற்றி முடிந்திருந்தான்.

வெள்ளைக்காரியை ஏற்றிக்கொண்டு அவள் போய்ச் சேர்ந்த கால் மணி நேரத்தில் புல்வே வந்து இறங்கியது. நின்றது. பிறகு விழுந்தது. அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், கேமரா சடசடவென்று அடித்தது. நமுபீருவுக்கும் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. புல்வே தலையைத் தூக்கியபோது அலகின் ஓரத்திலிருந்து ஒரு மெல்லிய கோடு வெயிலில் மினுங்கியது. பறவை தலையை உதறியது. கோடு இழுத்துப் பிடித்தது. மறுபடி உதறியது.

"ஏன் அப்படிப் பண்ணுது?" வெள்ளைக்காரி தனக்குத் தெரிந்த நாலு வார்த்தை லுகாண்டா மொழியில் கேட்டாள்.

"வாய்ல புல்லு மாட்டிருக்கு. உதறும்" என்றாள் நமுபீரு.

அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டுக் கழியை ஊன்றி ஓடத்தைத் திருப்பினாள். அப்போதே இறங்கியிருக்கலாம். வந்தவளுக்கு முன்னால் மானம் போகும் என்று நினைத்தாள். கரைக்குப் போய் அவளை இறக்கிவிட்டு, தனியாகத் திரும்பி வர ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரத்தைத்தான் பிறகு அவளால் யாரிடமும் சொல்லி ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

புல்வே அங்கேயேதான் நின்றது. சுற்றிச் சுற்றி நரம்பு கோரையில் சிக்கி, தலை பாதிக்குத் தாழ்ந்திருந்தது. மம்பாவின் பின்பாதி அலகுக்கு வெளியே தொங்கியது. மிதக்கிற புல் மெத்தையில் ஓடம் போகாது. நமுபீரு துணியை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள். தொடை வரைக்கும் புதைந்தது. பறவை இறக்கையை விரித்துத் தகரம் அடிக்கிற மாதிரி அலகைத் தட்டியது. அவள் தன் மேல்துண்டை அதன் கண்மேல் போட்டாள். கத்தியால் கோரைப் பக்கத்து நரம்பை அறுத்தாள். பிறகு, பிறந்ததிலிருந்து தொடாத அந்த மீனை இரண்டு கையாலும் பிடித்தாள்.

குளிர்ந்து வழுக்கியது. இன்னும் உயிர் இருந்தது. அவள் இழுக்க, பறவை பின்வாங்க, மீன் அவள் கைக்கு வந்துவிட்டது. துண்டு நழுவியதும் புல்வே எழும்பித் தாழப் பறந்து கோரைக்கு அப்பால் போய் மறைந்தது.

அவள் சேற்றில் உட்கார்ந்து மீனின் வாயைப் பிளந்து பார்த்தாள். தாடை கிழிந்திருந்தது. முள் அதில் இல்லை. மடியில், புல்லில், அறுந்த நரம்பின் நுனியில், எங்கேயும் இல்லை.

"தண்ணிலதான் விழுந்திருக்கும். நிச்சயமா" என்றான் ககோசா, அவள் கரைக்கு வந்து சொன்னதும். "யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க அண்ணி. பாத்தவங்க யாரு?"

"நான் பாத்தேன்ல."

அன்று சாயங்காலம் மற்றப் பத்து ஓடக்காரர்களும் கூடியிருந்த இடத்தில் அவள் முழங்காலை மண்ணில் ஊன்றினாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். மீனைக் கட்டியவன் பெயரை மட்டும் சொல்லவில்லை. பின்வரிசையிலிருந்து ககோசா தானே எழுந்து, "நான்தான் கட்டினேன், முள்ளைக் கழட்டாதது நான்தான்" என்றான்.

கயீரா எழுந்து அவள் அருகே வந்தார்.

"நான் அன்னிக்கு வெளையாட்டாச் சொன்னேன், நலோங்கோ."

"நான் வெளையாட்டா எடுத்துக்கல."

தீர்ப்பு சுருக்கமாக முடிந்தது. புல்வே திரும்பி வந்து இரை தின்பதை யாராவது கண்ணால் பார்க்கும்வரை அவள் ஓடம் தண்ணீரில் இறங்கக் கூடாது. அது வராவிட்டால் ஓடமும் இல்லை. அவள் போய் ஓடத்தைக் கரையேற்றி வாசலில் கவிழ்த்து வைத்தாள்.

ஐந்து நாள் வரவில்லை. எட்டு நாள் வரவில்லை. வண்டிகள் வந்தன, ஏமாந்து போயின. ஓடக்காரர்கள் அவள் வாசல் வழியாகப் போகும்போது பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். கவிழ்த்து வைத்த ஓடத்தின் அடியில் கோழி அடைகாக்கத் தொடங்கியது. தொண்டையில் முள்ளோடு ஒரு பறவை எத்தனை நாள் தாங்கும் என்று அவள் ககோசாவைக் கேட்டாள். அவன் கேலி பேச வாயெடுத்துப் பேசாமல் போனான். அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

பன்னிரண்டாம் நாள் முற்பகலில் கயீரா நனைந்த காலோடு வாசலில் வந்து நின்றார். நமுபீரு நிலக்கடலை இடித்துக்கொண்டிருந்தாள். மண்டியிட மறந்துபோனாள்.

"வந்துச்சா?"

"வந்துச்சு. மெலிஞ்சிருக்கு. தலைய ஒரு பக்கமாத்தான் வச்சுக்குது."

"தின்னுச்சா?"

"அரை மணி நேரம் நின்னுச்சு. நான் கழிய ஊன்றக்கூட இல்ல. அப்புறம் விழுந்துச்சு. முழுங்க ரொம்ப நேரமாச்சு, பாவம். ஆனா முழுங்கிருச்சு."

"என்ன மீனு?"

கயீரா தயங்கினார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"உங்க தாத்தாவத்தான், நலோங்கோ."

அவள் உலக்கையைப் பிடித்தபடியே நின்றாள். சிரித்தாளா அழுதாளா என்று கயீராவுக்கு விளங்கவில்லை. மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடத்தருகே போய், அதைத் தொடாமல், அடியில் குனிந்து பார்த்தாள்.

"குஞ்சு பொரிக்க இன்னும் பத்து நாள் இருக்கு" என்றாள். "அதுக்கப்புறம் எறக்கிக்கிறேன். மொத நாள் யாரையும் ஏத்த மாட்டேன். நான் மட்டும் போய் அது தலைய எப்படி வச்சிருக்குன்னு பாத்துட்டு வரணும்."