கறுப்புக் கரை போட்ட உறை

விக்டோரியா ராணி காலத்து ஆங்கில நடுத்தரக் குடும்பங்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட கடிதங்களைப் படிப்பதுதான் என் பிழைப்பு. அதற்கு ஹனோவரில் ஒரு பல்கலைக்கழகம் சம்பளமும் கொடுக்கிறது. "அடுத்தவன் வீட்டு லெட்டரைப் படிக்கவா உம் பையன் ஜெர்மனி போனான்?" என்று மதுரையில் என் அம்மாவைக் கேட்காத சொந்தக்காரர் இல்லை.

கடிதங்களில் பெரும்பாலும் சளி, மழை, அத்தை வந்துபோன கதை. வந்த கடிதத்தை அப்பா காலைச் சாப்பாட்டு மேஜையில் உரக்க வாசிப்பார், வீடே கேட்கும். வீட்டில் ஒரு சாவு விழுந்தால், துக்கம் முடியும்வரை கறுப்புக் கரை போட்ட தாளும் உறையும்தான். பிறந்தநாள் வாழ்த்தானாலும் அதே தாள். கரை சொல்வது எழுதுகிறவரின் துக்கத்தை, உள்ளே இருக்கும் செய்தியை அல்ல.

போன இலையுதிர் காலத்தில் என் பெரியப்பா இறந்துபோனார். விசா நீட்டிப்பு பாதியில் நின்றதால் ஊருக்குப் போக முடியவில்லை. வாட்ஸப் வீடியோவில், யாரோ ஒருவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து அழுதேன். மறுநாள் கடைக்குப் போய்க் கறுப்புக் கரைத் தாளும் உறையும் வாங்கினேன். அந்தக் காலத்து மனிதர்களைப் போலவே கொஞ்ச நாள் எழுதிப் பார்ப்பது, ஆராய்ச்சிக்கும் உதவும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். ஆராய்ச்சிக்காக மட்டும்தானா என்பது இன்றுவரை தெரியாது.

முதல் கடிதம் ஜிம்முக்கு. இந்த நாட்டில் ஜிம்மை விட்டு நிற்கவும் கடிதம் எழுத வேண்டும். பதில் வந்தது, என் குடும்பத்தாரின் பெயருக்கு: ஆழ்ந்த அனுதாபங்கள், அன்னாரின் ஒப்பந்தம் உடனே ரத்து. இங்கே இன்று கறுப்புக் கரை உறை என்றால் சாவுச் செய்திதான்; செத்துப்போனால்தான் விடுவார்கள் என்று தெரிந்துகொண்டேன். அதைத் துறை முழுக்கக் காட்டிச் சிரித்தேன். அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

இரண்டாவது கடிதம் மூன்றாம் மாடி அக்காவுக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து போர்க் காலத்தில் அகதியாக வந்தவர். நான் குடிவந்த நாளிலிருந்து எனக்குச் சோறு போடுகிறவர். அவருடைய கணவர், நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர், இதய அறுவை முடிந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். ஒரு மாடி ஏறிக் கதவைத் தட்டினால் முடிந்திருக்கும். நான்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருந்தேனே. மையில் தொட்டு எழுதும் பேனாவால் சரிவெழுத்தில் முகவரி எழுதி, அனுப்புநர் பெயர் போடாமல் தபாலில் சேர்த்தேன்.

மறுநாள் மாலை பல்கலைக்கழகத்திலிருந்து வந்தபோது அக்கா கீழ்ப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. மடியில் என் உறை, பிரிக்காமல்.

"தம்பி, இதை ஒருக்கா வாசியும். என்னாலை ஏலாது."

"அக்கா, ஐயோ, இது நான் எழுதினது!"

"ஆறுதலுக்குச் சொல்லாதையும். இண்டைக்கு முழுக்க என்ரை போனிலை சார்ஜ் இல்லை. ஆஸ்பத்திரியிலை இருந்து எடுத்திருப்பாங்கள், நான்தான் எடுக்கேல்லை."

"சத்தியமா அக்கா. நான்தான்."

"நீர் எப்பவும் பகிடிதானே விடுறனீர். வாசியும்."

எத்தனையோ நாள் வேடிக்கை பேசிச் சம்பாதித்த பெயர் அது. உண்மையைச் சொன்னாலும் பகிடிதான். உறையைக் கிழித்து என் கடிதத்தை நானே உரக்க வாசித்தேன். மாடிப்படிக் கூடம் ஒவ்வொரு சொல்லையும் திருப்பிச் சொன்னது.

"அன்புள்ள அக்காவுக்கு, இங்கே மழை. எனக்குச் சளி. அண்ணை அங்கே நர்ஸ்மாரை ஏவிக்கொண்டு ராஜா மாதிரிப் படுத்திருக்கிறாராமே. வீட்டுக்குத் திரும்பி வருகிற எண்ணமே இல்லையா..."

அதற்கு மேல் வாசிக்காமல் தாளை மடித்தேன். எழுதும்போது அந்த வரிக்காக என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

"உம்மடை போனைத் தாரும்" என்றார் அக்கா.

அண்ணையின் எண்ணை நான்தான் அழுத்திக் கொடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு அண்ணையின் குரல், எனக்கே கேட்டது, எரிச்சலோடு:

"ஆர்?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

"நான்தானப்பா. சாப்பிட்டனீங்களோ?"

"உப்பில்லாத சூப். இதென்ன புது நம்பர்? குரலும் ஒரு மாதிரிக் கிடக்கு?"

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். சொல்லட்டும், திட்டட்டும் என்று காத்திருந்தேன். அது எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

"தம்பியின்ரை போன். மூண்டு மாடியும் ஏறி வந்தனான், மூச்சு வாங்குது" என்றார், முதல் படியில் உட்கார்ந்தபடியே.

பேசி முடித்ததும் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, உறையோடு சேர்த்து நான்காகக் கிழித்தார். எங்கள் ஊரிலும் அப்படித்தான். சாவுக் கடிதத்தை வாசித்த இடத்திலேயே கிழிப்பார்கள், வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். எனக்கு அது தெரியாதா? ராணியம்மாள் நாட்டுக் கரையின் அகலமெல்லாம் அளந்து வைத்திருந்தவனுக்கு இது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

"அக்கா, மன்னிச்சிருங்க. பெரியப்பா செத்துப்போனார். அதுக்குத்தான் அந்தத் தாள்..."

"எப்ப?"

"ரெண்டு வாரம் ஆச்சு."

"அதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

ஜிம்முக்குக்கூடத் தெரிவித்திருந்தேன்.

அக்கா கைப்பிடியைப் பிடித்து எழுந்தார்.

"போய் முகத்தைக் கழுவிப்போட்டு மேலை வாரும். தேத்தண்ணி போடுறன்."

போனேன். அந்தத் தேநீரைக் குடித்து முடிக்கும்வரை ஒரு பகிடிகூட எனக்கு வாயில் வரவில்லை. பெரியப்பாவைப் பற்றி அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். நான் குனிந்த தலை நிமிராமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.