அரிசி தீர்ந்துபோன பறவைகள்

எங்கள் ரப்பர் எஸ்டேட் லய வீடுகளைச் சுற்றிக் கம்பி வேலி போட்ட பிறகு, வெள்ளைக்கார ராணியின் முடிசூட்டுப் படம் பள்ளிச் சுவரில் ஏறுவதற்கு முன்பு இது நடந்தது. ஆகவே 1952 என்று குறித்து வைத்திருக்கிறேன். நான் மூன்றாம் வகுப்பு. என் சின்னம்மாதான் ஆசிரியை. கோலா சிலாங்கூரிலிருந்து புதிதாக வந்து, வேலிக்கு வெளியே பள்ளியை ஒட்டிய அறையில் தங்கியிருந்தார்.

நாளைக்கு ஆளுக்கொரு பறவை அலகு செய்துகொண்டு வாருங்கள், கூடவே ஒரு பிடி அரிசியும் என்றார் அவர். எந்த அலகு எதைத் தின்று பிழைக்கிறது என்று விளையாடிக் கண்டுபிடிக்கப் போகிறோமாம். மற்றவர்கள் தகரத்தை மடக்கிக் குட்டைக் கவ்வி செய்துகொண்டார்கள். அப்பா எனக்கு மூங்கிலைப் பிளந்து நீளமாக ஓர் இடுக்கி செய்து கொடுத்தார். அரிசியை முடிந்து கொடுத்த அம்மா, "ரேஷன் நமக்கே பத்தல, ஒன் சின்னம்மா பறவைக்கு விருந்து வைக்கிறாளாக்கும்" என்றார்.

காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்விடக் கூடாது என்று, வேலைக்குப் போகும் பெரியவர்களை வேலி வாசலில் சோதிப்பார்கள். ஒரு பிடி அரிசி அகப்பட்டாலும் சிறைதான். பிள்ளைகளை யாரும் சோதித்ததில்லை. அதனால் எந்த வீட்டிலும் யாருக்கும் உறைக்கவில்லை.

மறுநாள் காலை வாசலில் ஒரு புது சார்ஜன் நின்றார். கடலோர ஜெராமின் மீனவக் குடும்பத்து மலாய்க்காரர். எஸ்டேட் பிள்ளைகளோடு வளர்ந்ததால் நன்றாகத் தமிழ் பேசினார். முதலில் வந்த பையனின் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்தவர், எங்கள் எல்லாரையும் வரிசையில் நிறுத்திவிட்டார். விரித்த சாக்கில் பிடி பிடியாக விழுந்த அரிசி குவியலாக எழுந்தது. அவ்வளவு அரிசியை ஒரே இடத்தில் நான் கண்டதில்லை. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

சின்னம்மா ஓடி வந்தார்.

"யாருக்கு டீச்சர் இவ்ளோ அரிசி?"

"பறவைக்கு."

"நல்லாருக்கு லா! அந்தப் பறவை துப்பாக்கி வெச்சிருக்கா?"

கூட நின்ற காவலர்கள் சிரித்தார்கள். சார்ஜன் சின்னம்மாவை ஜீப்பில் ஏறச் சொன்னார். அப்படி ஏறியவர்களில் சிலரை நாட்டை விட்டே கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள் என்பது எங்களுக்கே தெரியும்.

"ஒரு தடவ பாத்துட்டு அப்புறம் கூட்டிட்டுப் போங்க" என்ற சின்னம்மா, அரிசியை அள்ளித் தரையில் இறைத்தார். வாசலோரம் கிடந்த ரப்பர் இழைகளைப் புழுக்களாக வடிகால் சேற்றில் புதைத்தார்.

கவ்விக்காரர்கள் அரிசியை மளமளவென்று பொறுக்கினார்கள். என் இடுக்கியில் ஒரு மணிகூட நிற்கவில்லை. "நீ செத்தடி!" என்றான் பக்கத்தில் இருந்தவன். பிறகு சின்னம்மா அரிசியைக் கூட்டி எடுத்துவிட்டு, இனி அரிசி கிடையாது என்றார். கவ்விகள் சேற்றை வீணாகக் கொத்தின. என் இடுக்கியோ ஆழத்தில் இறங்கி ஒவ்வோர் இழையாக இழுத்து வந்தது. பட்டினியால் செத்தவர்கள் ஒவ்வொருவராக உட்கார, கடைசியில் நான் மட்டும் நின்றேன். ஒரு மூங்கில் துண்டு என்னை உயிரோடு வைத்திருந்தது! உடம்பெல்லாம் சிலிர்த்தது.

சார்ஜன் குனிந்து என் இடுக்கியை வாங்கிப் பார்த்தார். "இது எங்க ஜெராம் சேத்துல மேயற பறவை லா" என்றார். குரல் மாறியிருந்தது. பிறகு உட்கார்ந்திருந்தவர்களைக் காட்டி, "அரிசிய நிறுத்திட்டா எல்லாம் செத்துடும். அப்படித்தானே டீச்சர்?" என்று கேட்டார்.

எனக்குத்தான் விடை தெரியுமே.

"எல்லாம் சாகாது சார். தோண்டத் தெரிஞ்சது பொழச்சுக்கும்."

சின்னம்மாவின் கை என் வாயைப் பொத்தியது. சார்ஜன் ரப்பர் மரங்களுக்கு அப்பால் கறுத்துக் கிடந்த காட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இடுக்கியை என்னிடம் நீட்டி, "அரிசிய வீட்டுல குடுத்துட்டு வரச் சொல்லுங்க டீச்சர். நாளைக்கு மணல்ல விளையாடுங்க" என்றார். ஜீப் சின்னம்மா இல்லாமலே போயிற்று.

சரியான விடை சொன்ன என்னைச் சின்னம்மா பாராட்டவே இல்லை. பொத்திய கையை ஜீப் மறையும்வரை எடுக்கவும் இல்லை. காட்டோரம் ஏதோ அதிசயமான பறவை வந்திருக்கிறது, அதைத்தான் சார்ஜன் அப்படிப் பார்த்தார் என்று நினைத்து, நானும் அந்தத் திசையில் வெகுநேரம் தேடினேன். எனக்கு ஒன்றும் தென்படவில்லை.