பதினாலாம் கேள்விக்கு ஒரே தப்பு

கெய்ரோவில் எங்கள் தேர்வு நிலையத்தில் நஷ்வா எஞ்சினியரைப் போல இன்னொருவரை நான் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கும் தேர்வு அது. பழைய கேள்விகள் எல்லாம் எந்தக் கருவி எந்த வருஷம் வந்தது என்கிற மாதிரி. மனப்பாடம் செய்தவன் பாஸ். அதை மாற்றத்தான் நஷ்வா எட்டு மாதம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினார். அங்கே வேலை செய்கிறவர்கள் நிஜமாகவே திணறிய இடங்களைக் கேட்டுக் கேட்டுக் கேள்வியாக்கினார். நான் கொண்டுபோகும் டீ ஆறிப்போகும். "வைங்க உம்மு ஷேதி, இந்த ஒரு கேள்வி மட்டும்" என்பார்; ஷேதியின் அம்மா என்பதால் எல்லாருக்கும் நான் உம்மு ஷேதி. அந்த ஒன்று முடியவே முடியாது.

புதுத் தேர்வு நடந்த அன்று, இரண்டு மணி நேரத் தேர்வைப் பத்தொன்பது பேர் கால் மணியில் முடித்துவிட்டு எழுந்து போனார்கள். நஷ்வா விடைகளைத் திறந்து பார்த்தார். பதினாலாம் கேள்விக்குப் பத்தொன்பது பேரும் ஒரே தப்பு விடை. முதல் பிரதியின் விடைக்குறிப்பில் அவர் கைதவறிப் போட்ட தப்பு அது, மறுவாரமே திருத்திவிட்டிருந்தார்.

"முதல் பிரதி வெளியே போயிருக்கு. அது நம்ம ரெண்டு பேர்கிட்டதான் இருந்துச்சு. முடிவை ரத்து பண்ணணும்," என்று மேலாளர் வக்தியிடம் சொன்னார் நஷ்வா.

வக்தி சூரியகாந்தி விதை கொறித்துத் தோலைத் துப்பினார். "என்னோடது அலமாரியில பூட்டிக் கிடக்கு, எஞ்சினியரம்மா. ரத்து பண்ணா, வெளியே விட்டது நீங்கன்னுதான் மேலே எழுதணும். பேசாம கையெழுத்துப் போடுங்க. பாஸானவன் சந்தோஷமா போறான், உங்களுக்கு எங்க வலிக்குது?"

"நாளைக்கு உங்கம்மா ஆஸ்பத்திரியில கிடக்கும்போது இவன்தான் வந்து முழிப்பான், சார்."

"எங்கம்மா செத்து ஆறு வருஷமாச்சு." சிரித்தார்.

டீயோடு நின்ற எனக்கு அப்போதுதான் உறைத்தது. ரமலானுக்கு முன்னால் இதே மனிதர், அண்ணன் மகள் கல்யாணப் பத்திரிகை என்று ஓர் உறையைக் கொடுத்து, கீழே அவர் மச்சான் ஜெராக்ஸ் கடைக்கு என்னை அனுப்பினார். நான் வாழ்த்துகூடச் சொன்னேன், சீ! கடையில் பிரித்தபோது வரிசையாக எண்ணும், ஒவ்வொன்றின் கீழும் நாலு வரியும் இருந்தன; அது கேள்வித்தாள் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

"என் கையாலதான் போச்சு, எஞ்சினியரம்மா," என்றேன். நடந்ததைச் சொன்னேன்.

"ஏய், டீ ஊத்துற வேலையைப் பாரு!" என்றார் வக்தி.

"எங்க வேணாலும் வந்து சொல்றேன். எழுதிக்குங்க."

நஷ்வா முடிவுத்தாளைத் திருப்பி, நான் சொன்னதைப் பின்பக்கத்தில் எழுதினார். எழுத்துக்கூட்டி என் பெயரைப் போட்டேன்.

முடிவை ரத்து செய்தார்கள். வக்தியை வேறு கிளைக்கு மாற்றினார்கள், மேலாளராகவேதான். வெளியே போய்விட்ட அறுபது கேள்வியையும் தூக்கிப் போட்டுவிட்டு, நஷ்வா மறுபடியும் முதல் கேள்வியில் உட்கார்ந்திருக்கிறார்.